காவேரிப்பட்டணத்தில் விடிகாலை ஹாக்கி

நாள் 1 – வெள்ளி, மே 16, 2025

கிருஷ்ணகிரி வந்துவிட்டதை மே மாதத்தில் மூக்கே சொல்லிவிடும். ஊருக்கு முன்னாலேயே சாலையின் இரண்டு பக்கமும் மாம்பழக் கடைகள். செந்தூரா குவிந்துவிட்டது, பங்கனப்பள்ளி வந்துகொண்டிருக்கிறது, மல்கோவாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார் பேருந்து நிலையத்துப் பழக்கடைக்காரர். சென்னையிலிருந்து நான் வந்த பேருந்தின் ஏசி வாணியம்பாடியோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வாணியம்பாடியைத் தாண்டாது. விடுகிறேன்.

அத்தை வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஐந்து ஏக்கர் மாந்தோப்பு நடுவே இருக்கிறது. மாம்பழம் தின்ன வந்ததாக ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் கூப்பிட்டது மச்சான். டொரான்டோவில் 14 வருடமாக இருக்கிறான், ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறான். "வா, ரெண்டு மேட்ச் சேர்ந்து பார்க்கலாம்" என்றான். ஐபிஎல் என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

ஐஸ் ஹாக்கியாம். டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி ஃபுளோரிடா பேந்தர்ஸோடு ஏழு ஆட்டத் தொடரில் மோதுகிறது. முதல் இரண்டில் டொரான்டோ வென்றது, அடுத்த மூன்றையும் ஃபுளோரிடா தட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னும் ஒன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். லீஃப்ஸ் கடைசியாக வட அமெரிக்க ஹாக்கி லீகின் (என்.எச்.எல்.) ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது 1967இல். அப்போது லீகில் இருந்ததே ஆறு அணிகள்தான். மச்சான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, ஆனால் தன் கல்யாணத் தேதியைவிட அந்த வருடத்தை அழுத்தமாகச் சொல்கிறான்.

வீட்டில் எதிரணியும் இருக்கிறது. மச்சானின் தங்கை புருஷன். ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார், அதற்கு முன் ஆறு வருடம் பாஸ்டனில் இருந்தவர், அந்த ஊர் அணியான புரூயின்ஸின் ரசிகர். வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளை என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பாஸ்டன் இந்த வருடம் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கே வரவில்லை. ஆனால் அவர்களுடைய கேப்டன் பிராட் மார்ஷாண்டை நிர்வாகம் மார்ச் மாதம் ஃபுளோரிடாவுக்குக் கொடுத்துவிட்டது. அதனால் மாப்பிள்ளை இப்போது ஃபுளோரிடா பக்கம். மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மச்சான் அணியை வம்புக்கு இழுக்கிறார். யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை ஆயிற்றே. அத்தை அவர் தட்டில்தான் முதல் பழத்தை வைக்கிறார்.

ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்து, எனக்கும் மாமாவுக்கும் பாடம் நடந்தது. பந்து கிடையாது, பக் என்று ஒரு ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். "ஃப்ரீசர்ல வெச்ச அதிரசம்" என்றார் அத்தை. அதற்குமேல் நல்ல விளக்கம் எனக்கும் கிடைக்கவில்லை.

பிறகு வந்தது வழக்கு. தொடரின் முதல் ஆட்டத்தில் ஃபுளோரிடாவின் சாம் பென்னட், டொரான்டோ கோல்கீப்பர் ஆந்தனி ஸ்டோலார்ஸின் தலையில் முழங்கையால் இடித்துவிட்டுப் போனார். நடுவர் விசில் ஊதவில்லை. கோல்கீப்பர் கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போனார். லீக் பின்னால் தடையும் விதிக்கவில்லை. மச்சான் போனில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். எனக்குப் பதினோரு முறை காட்டியிருப்பான்.

"கோல்கீப்பர் முன்னாடி கூட்டம் இருக்கத்தான் செய்யும் மச்சான். உரசத்தான் செய்யும்" என்றார் மாப்பிள்ளை.

"உரசலா? முழங்கை மாப்ள அது!"

மாமா வீடியோவை வாங்கி ஒரே ஒருமுறை பார்த்தார். "இடிச்சவனும் இடிபட்டவனும் முன்னாடியே பழக்கமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் வாயடைத்துப் போனார்கள். ஆமாம், போன வருடம் ஃபுளோரிடா கோப்பை வென்றபோது ஸ்டோலார்ஸ் அதே அணியில் இருந்தவர். "அதான்" என்று சொல்லிவிட்டு மாமா படுத்துக்கொண்டார். எது "அதான்" என்று அவர் சொல்லவில்லை.

நாள் 2 – சனி, மே 17

அங்கே வெள்ளி இரவு எட்டு மணி, இங்கே சனி விடியற்காலை ஐந்தரை. திண்ணையில் லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட், கொசுவர்த்தி. மாமா பால் கறந்து முடித்த கையோடு வந்து உட்கார்ந்தார்.

ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பகுதிகள் கோலே இல்லை. எனக்குக் கண் சொக்கியது. மூன்றாவது பகுதியில் டொரான்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் ஒன்று போட்டார், இந்தத் தொடரில் அவருக்கு அதுதான் முதல் கோல். அப்புறம் மேக்ஸ் பாசியோரெட்டி ஒன்று. 2–0. மச்சான் போட்ட கூச்சலில் தொழுவத்தில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டது.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது மாமாதான். அவர் ஆட்டக்காரர்களையே பார்க்கவில்லை. "கையில ஆரஞ்சுப் பட்டை கட்டினவங்க யாரு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவர்கள் நடுவர்கள், இரண்டு பேர். பட்டை இல்லாமல் கோடு போட்ட சட்டையில் இருப்பவர்கள் லைன்ஸ்மேன், அவர்களும் இரண்டு பேர். ஆக நாலு பேர் களத்தில். அதுபோக கோலா இல்லையா என்று வீடியோவில் பார்த்துச் சொல்ல லீகுக்குத் தனியாக ஒரு அறை இருக்கிறது. அந்த அறை எங்கே இருக்கிறது தெரியுமா என்று மாப்பிள்ளை ஒரு சிரிப்போடு கேட்டார். டொரான்டோவில். "உங்க ஊர்ல உட்கார்ந்துதான் தீர்ப்பு சொல்றாங்க. அப்பவும் ஓரவஞ்சனைன்னா எப்படி மச்சான்?"

மாமாவுக்கு நடுவர் வேலையில் அனுபவம் உண்டு. தைக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். குறிப்பிட்ட தூரத்தை எந்தக் காளை குறைந்த நொடியில் ஓடுகிறதோ அதற்குப் பரிசு. மாமா பத்து வருடத்துக்கு மேல் விழாக் கமிட்டியில் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர். ஒருமுறை வெளியூர்க் காளைக்காரர் தன் காளைக்கு அரை நொடி அதிகம் போட்டுவிட்டதாகச் சொல்லி, மாமாவின் வாட்ச்சைப் பிடுங்கி ஏரியில் எறிந்திருக்கிறார்.

"அப்புறம் டைமர் மெஷின் வெச்சோம். சண்டை நின்னுடும்னு பார்த்தோம்."

"நின்னுச்சா?"

"எங்க? மெஷினை ஒரு அடி தள்ளி வெச்சுட்டீங்கன்னு சண்டை."

இதைக் கேட்டதும் மச்சானும் மாப்பிள்ளையும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து சிரித்தார்கள். ஹாக்கியிலும் அதேதான். 2015–16 பருவத்திலிருந்து, கோலுக்கு முன்னால் ஆஃப்சைடு நடந்தது, அதாவது பக்குக்கு முன்பே ஆட்டக்காரர் நீலக் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று பயிற்சியாளர் வீடியோ மறுஆய்வு கேட்கலாம். அதன்பின் சில வருடம் பேச்சு முழுக்க ஸ்கேட்டின் பிளேடு நீலக் கோட்டுக்கு மேலே அந்தரத்தில் இருந்ததா, தொட்டுக்கொண்டிருந்ததா என்பதாகிவிட்டது. கண்ணால் பார்த்தபோது யாருக்கும் தோன்றாத தப்பு, நிறுத்திப் பார்த்தால் தோன்றுகிறது. எனக்கு இந்த நிறுத்திப் பார்க்கும் பழக்கமே பிடிக்கவில்லை. எந்தக் குடும்பத்தையும் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தால் ஆஃப்சைடுதான்.

பகலில் காய் பறிப்பு. தொரட்டியின் முனையில் சின்ன வலைப்பை, காம்போடு காய் அதில் விழ வேண்டும். காம்பு ஒடிந்தால் பால் பீய்ச்சும். தோலில் பட்டால் கொப்பளம், பழத்தில் வழிந்தால் கறுப்புத் தழும்பு, தழும்பு விழுந்த பழம் இரண்டாம் தரம். பறிக்கிற பெண் ஒருவர் ஒவ்வொரு காயையும் காம்பு கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்து, பால் சொட்டி முடிந்த பிறகுதான் கிரேட்டில் அடுக்கினார். எனக்கும் ஒரு தொரட்டி கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் பிடுங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை. பூங்காவில் கூட்டம், வெளியே எண்ணெய்ச் சட்டியில் மீன். அங்கே உட்கார்ந்துதான் டொரான்டோ நிர்வாகத்தின் கதை முழுசாக வெளியே வந்தது.

ஒரு அணி மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீகில் உச்சவரம்பு இருக்கிறது. "நில உச்சவரம்பு மாதிரியா?" என்றார் மாமா. கிட்டத்தட்ட. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒத்துவராமல் 2004–05 பருவம் முழுவதுமே நடக்கவில்லை, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. இந்தப் பருவத்தின் வரம்பு 8 கோடியே 80 லட்சம் டாலர். இதில் டொரான்டோ நாலே பேருக்குக் கொடுப்பது: மேத்யூஸ் 1 கோடியே 32.5 லட்சம், வில்லியம் நைலாண்டர் 1 கோடியே 15 லட்சம், ஜான் டவாரெஸ் 1 கோடியே 10 லட்சம், மிட்ச் மார்னர் 1 கோடியே 9 லட்சம். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தில்தான் கோல்கீப்பர், தடுப்பாட்டக்காரர்கள் என்று மீதிப் பேர் அத்தனை பேரும்.

"அஞ்சு ஏக்கர்ல மூணு ஏக்கர் மல்கோவா வெச்ச கதை" என்றார் மாமா. மல்கோவா நன்றாகக் காய்த்தால் ராஜா. காய்க்காத வருடம் பூச்சி மருந்துக் கடன்தான் மிச்சம்.

மார்னருக்கும் டவாரெஸுக்கும் ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிகிறது. மார்னர் சம்மதிக்காமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதனால் ஜூலையில் அவர் கிளம்பிப் போனால் கைக்கு ஒன்றுமே வராது. "போன வருஷம் பயிற்சியாளரை மாத்தினாங்க, அதுக்கு முந்தின வருஷம் மேனேஜரை மாத்தினாங்க. அந்த நாலு பேரை மட்டும் தொட மாட்டாங்க" என்று மச்சான் மீன் முள்ளைத் துப்பினான். மாப்பிள்ளை தன் பங்குக்கு, ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது, அதே சம்பளத்துக்குக் கையில் கூட நிற்கும் என்றார். மச்சான் உடனே அதைப் பிடித்துக்கொண்டான். "அப்ப நீங்க ஜெயிக்கறது வரியாலதானே?" வறுவல் ஆறும்வரை வரிச் சண்டை.

நாள் 3 – ஞாயிறு, மே 18

இன்று ஆட்டம் இல்லை, நாளைக்கு விடிந்தால் ஏழாவது. வீட்டில் இருந்தால் மச்சான் நகத்தைக் கடித்தே தீர்த்துவிடுவான் என்று தருமபுரிக்குக் கிளம்பினோம். பாப்பாரப்பட்டிக்குப் போய் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இந்த முறையும் நடக்கவில்லை.

பேருந்தில் மச்சான் 1993 கதையைச் சொன்னான். டொரான்டோக்காரர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்ப்பார்கள் போல. லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு எதிராக அரையிறுதிக்குச் சமமான தொடர். டொரான்டோ 3–2 என்று முன்னிலை, இன்னும் ஒன்று ஜெயித்தால் இறுதிப் போட்டி. ஆறாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. வேய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை டக் கில்மரின் தாடையில் கிழித்து ரத்தம் வருகிறது. அது தண்டனைக்குரிய குற்றம். அன்றைக்கெல்லாம் களத்தில் ஒரே நடுவர்தான். கேரி ஃப்ரேசர். அவர் பார்க்கவில்லை. லைன்ஸ்மேன்களைக் கேட்டார், அவர்களும் பார்க்கவில்லை. தண்டனை இல்லை. வெளியே போயிருக்க வேண்டிய கிரெட்ஸ்கி சற்று நேரத்தில் கோல் போட்டு முடித்தார். ஏழாவது ஆட்டத்தில் அவரே மூன்று கோல்.

"அந்த ஜட்ஜு அப்புறம் வேலையில இருந்தாரா?" இது முன் சீட்டிலிருந்து, சம்பந்தமே இல்லாத ஒரு பெரியவர். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இருந்தார், 2010 வரை நடுவராகவே இருந்தார் என்றான் மச்சான். பெரியவர் உச்சுக் கொட்டினார். 32 வருடம் கழித்துக் காரிமங்கலம் பக்கத்தில் டொரான்டோவுக்கு ஒரு அனுதாபி கிடைத்தார்.

ஆனால் மாப்பிள்ளை கேட்டதும் நியாயம்தான். ஆறாவதில் நடுவர் ஏமாற்றினார், சரி. ஏழாவது ஆட்டம் டொரான்டோவிலேயே நடந்ததே, அதில் யார் ஏமாற்றினார்கள்? மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. மாடு கவரப் போனவன், கவர்ந்த மாட்டை மீட்கப் போனவன் என்று இரண்டு தரப்புக்கும் கல் உண்டு. ஒரு கல்லின் முன் ரொம்ப நேரம் நின்றோம். வலது கையில் வாள், இடது கையில் வில், உடம்பில் அம்பு பாய்ந்திருக்கிறது, கால் மட்டும் ஓடுகிற வாக்கில். சிற்பி முகத்துக்கு அதிகம் மெனக்கெடவில்லை. கெண்டைக்காலைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான்.

மாப்பிள்ளைக்குச் சட்டென்று கானர் மெக்டேவிட் ஞாபகம் வந்துவிட்டது. போன வருட இறுதிப் போட்டியில் எட்மன்டன் ஏழாவது ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் தோற்றது. ஆனாலும் பிளேஆஃப் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் மெக்டேவிட்டுக்குத்தான். அவர் அதை வாங்கக் களத்துக்கு வரவே இல்லை. "அவருக்கு நட்ட கல்லுதான் அது" என்றார் மாப்பிள்ளை. இந்த ஒரு பேச்சுக்காக அவருடைய மார்ஷாண்ட் பைத்தியத்தை நான் மன்னித்துவிட்டேன்.

அதியமான்கோட்டையில் கால பைரவர் கோயிலுக்கும் போனோம். மச்சான் அர்ச்சனைச் சீட்டு வாங்கினான். பெயர், நட்சத்திரம் கேட்டார்கள். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு மகன் பெயரைச் சொன்னான். மேத்யூஸ் என்று சொல்லத்தான் வாய் வந்திருக்கும் என்று மாப்பிள்ளை என் காதில் ஓதினார்.

நாள் 4 – திங்கள், மே 19

ராத்திரி நல்ல மழை. மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மச்சான் லேப்டாப் சார்ஜை 81 சதவீதத்தில் காபந்து பண்ணி வைத்திருந்தான், யாரையும் வெளிச்சத்துக்குக்கூட அதைத் திறக்க விடவில்லை. ஐந்து மணிக்கு ஆட்டம்.

முதல் பகுதி கோல் இல்லாமல் முடிந்தது. டொரான்டோ நன்றாகவே ஆடியது, அரங்கம் அதிர்ந்தது. இரண்டாவது பகுதியில் ஃபுளோரிடா ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது பகுதி தொடங்கியதும் மேக்ஸ் டோமி ஒன்றைத் திருப்பினார். மச்சான் எழுந்து நின்று கையைத் தூக்கினான். கை இறங்குவதற்குள், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஃபுளோரிடா நாலாவதைப் போட்டுவிட்டது. முடிவு 6–1. கடைசி கோல் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். மார்ஷாண்ட். 2013, 2018, 2019, 2024 என்று பாஸ்டன் சட்டையில் நாலு முறை டொரான்டோவை ஏழாவது ஆட்டத்தில் அனுப்பி வைத்தவர், இப்போது வேறு சட்டையில் ஐந்தாவது முறை.

மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. அது அவர் பெருந்தன்மை. ஆனால் அவருக்கு இரட்டை லாபம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மார்ஷாண்டைக் கொடுத்தபோது பாஸ்டன் போட்ட நிபந்தனைப்படி, ஃபுளோரிடா இரண்டு சுற்று ஜெயித்து அவரும் பாதி ஆட்டமாவது ஆடியிருந்தால், புது இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது பாஸ்டனுக்கு வர வேண்டிய வாய்ப்பு இரண்டாம் சுற்றிலிருந்து முதல் சுற்றுக்கு உயரும். இன்று உயர்ந்துவிட்டது. கேப்டனை அனுப்பிய நிர்வாகத்தை இரண்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவர், இன்று காலை இட்லி சாப்பிடும்போது "அவ்வளவு மோசமான டீல் இல்ல" என்றார்.

மச்சான் நடுவரைத் தேடினான். நிஜமாகவே தேடினான். முதல் இரண்டு கோல்களையும் பின்னால் ஓட்டி, யாராவது யாரையாவது இடித்தார்களா, எங்காவது கோட்டைத் தாண்டினார்களா என்று பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. முதல் ஆட்டத்து முழங்கை அவனை இரண்டு வாரம் தாங்கிப் பிடித்திருந்தது. 6–1க்கு அப்படி ஒரு முழங்கை கிடைக்கவில்லை. லேப்டாப் தானாக அணைந்தது.

கரண்ட் வரவில்லை, ஆனால் செந்தூரா காத்திருக்காது. எட்டு மணிக்கு மினி வேனில் நாற்பது கிரேட் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனோம். மழை நனைத்த காய் என்று முதலிலேயே முகத்தைச் சுளித்தார்கள். எடை போட்ட பையனுக்கு இருபது வயது இருக்கலாம். காதில் பேனா, கையில் கால்குலேட்டர். ஒவ்வொரு எடைக்கும் இவ்வளவு கிலோ கழிவு என்று குறைத்துக்கொண்டே வந்தான். எங்களுக்கு முன்னால் இருந்தவர் அவனோடு தொண்டை கிழியச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அவன் போட்ட கணக்குக்கே கையெழுத்துப் போட்டுப் போனார்.

எங்கள் முறை வந்தது. தராசு முள் நிற்பதற்குள் பையன் எழுதிவிட்டான் என்று மச்சான் பிடித்துக்கொண்டான். மறுபடி போடு என்றான். போட்டான். அரை கிலோதான் வித்தியாசம். அதற்கும் மச்சான் கத்தினான். இத்தனைக்கும் அந்த அரை கிலோவின் விலை அவன் டொரான்டோவில் குடிக்கும் காபியில் கால்வாசி வராது. மண்டியே திரும்பிப் பார்த்தது.

மாமா வந்து அவன் தோளில் கை வைத்தார். "விடுடா. அவன் எடை போடறவன். விலை போடறவங்க யாரும் இங்க நிக்கறதில்ல."

மச்சான் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டான். தோத்தாபுரிக்குத்தான் உண்மையான கவலை என்று திரும்பும் வழியில் மாமா சொல்லிக்கொண்டு வந்தார். அது கூழ் ஃபேக்டரிகளை நம்பி நிற்கிற காய். ஃபேக்டரி எப்போது திறக்கும், என்ன விலை சொல்லும் என்பது காய் முற்றிய பிறகுதான் தெரியும். மரத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. கொஞ்ச தூரம் போனதும் மச்சான், "அந்தப் பையன்கிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. காவேரிப்பட்டணத்தில் இறங்கி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

நாள் 5 – செவ்வாய், மே 20

மதியம் எனக்குச் சென்னைப் பேருந்து. அத்தை ஒரு அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, செந்தூராவும் பங்கனப்பள்ளியுமாக நிரப்பி, மேலே கொஞ்சம் கேழ்வரகு மாவும் வைத்துக் கட்டிவிட்டார். களி கிண்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தண்ணீர்க் கணக்கைச் சொன்னார். மாப்பிள்ளை நேற்று ராத்திரியே ஓசூர் போய்விட்டார்.

காலை ஐந்து மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது. இரண்டே ஆட்டத்தில் உடம்பு பழகிவிட்டது போல. வெளியே வந்தால் திண்ணையில் மச்சான் சும்மா உட்கார்ந்திருக்கிறான். லேப்டாப் இல்லை. மழைக்குப் பிந்திய ஈரம், தோப்புக்குள் எங்கேயோ மயில் அகவுகிறது.

மாமா பால் வாளியோடு தொழுவத்திலிருந்து வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஆட்டம் இல்லையா?" என்றார்.

"இன்னைக்கு இல்லப்பா. நாளைக்கு. ஃபுளோரிடாவும் கரோலினாவும்."

"நம்ம ஆளுங்க?"

"நம்ம ஆளுங்கதான் போயாச்சே."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நல்லதாப் போச்சு. நிம்மதியா நடுவரைப் பார்க்கலாம். அஞ்சரைக்குத்தானே?"

மச்சான் அவரைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து அலாரம் வைத்தான்.